ஆற்காட்டு லோகாம்பாள் பேசுகிறேன்

என் கடைக்கு நானே போன் போட்டுப் பேசினேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். சிரியுங்கள். ஐந்து மாதம் பேசினேன். தினமும் காலை ஒன்பதரைக்கு, செத்துப்போன என் வீட்டுக்காரருடைய பட்டன் போனில், ஆற்காட்டு லோகாம்பாள் என்று பெயர் சொல்லிப் பேசினேன். ஆற்காட்டில் எனக்கு ஒரு ஈ காக்காயைக்கூடத் தெரியாது.

கடையைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். சங்கரி சில்க்ஸ் என்று பெயர். சங்கரி நான்தான். பெயரைக் கேட்டுவிட்டு மூன்று மாடிக் கட்டடத்தைத் தேடாதீர்கள். காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் என் வீட்டு முன்னறைதான் கடை. பத்துப் பன்னிரண்டு தறிக்காரர்களிடம் புடவை நெய்து வாங்கி, போனிலேயே வெளியூருக்கு விற்கிறேன். என் வீட்டுக்காரர் கலியாணசுந்தரம் இருந்தவரை தறிப் பக்கம் அவர், போன் பக்கம் நான். அவர் போய் நாலு வருஷம் ஆகிறது. அதற்கப்புறம் இரண்டு பக்கமும் நானே.

போன் பக்கம் என்றால் லேசில்லை. சேலத்திலிருந்து ஒருத்தி கூப்பிட்டு அரக்கு நிறத்தில் ஒரு புடவை வேண்டும் என்பாள். அரக்கில் ஆரம்பித்து, அது யாருக்கு, அந்த நாத்தனார் எப்படிப்பட்டவள், போன கல்யாணத்தில் அவள் என்ன வாய் பேசினாள் என்பதில் வந்து நிற்கும். நானும் லேசில் விடமாட்டேன். கேட்டால்தானே எந்தப் புடவையைக் காட்டுவது என்று தெரியும் என்று சாக்குச் சொல்லிக்கொள்வேன். ஒரு நாளைக்கு முப்பது போன் வரும். பாதியை எடுக்க முடியாது. சொன்ன தேதி மறந்துபோகும். தஞ்சாவூருக்குப் போகவேண்டிய புடவை தர்மபுரிக்குப் போய், அங்கே ஒருத்தி அதைக் கட்டிக்கொண்டு போட்டோவும் எடுத்துவிட்டாள்.

பொங்கலுக்கு வந்த என் மகன் குமரன் இரண்டு நாள் இதைப் பார்த்தான். புனாவில் கம்ப்யூட்டர் வேலை அவனுக்கு.

"அம்மா, இப்டியே கத்திக்கினு இருந்தா உன் ஒடம்பு இன்னாத்துக்கு ஆவும்?" என்றான். "எல்லாத்தையும் வெளில குடுத்துடலாம். அதுக்குன்னே ஆளுங்க இருக்கறாங்க. நீ புடவைய மட்டும் பாத்துக்கோ."

ஊருக்குப் போவதற்குள் எல்லாவற்றையும் வெளியே கொடுத்தும்விட்டான். படம் எடுக்க ஒரு கம்பெனி. பார்சலை வீட்டு வாசலில் வந்து எடுத்துப்போக ஒரு கம்பெனி. கணக்கு எழுத ஒன்று. கடை போனை எடுத்துப் பேச சென்னையில் ஒரு கம்பெனி. கடை நம்பருக்கு யார் கூப்பிட்டாலும் நேராக அங்கே போய்விடும். யார் கூப்பிட்டார்கள், எத்தனை நிமிடம் பேசினார்கள், எந்தப் புடவையைக் கேட்டார்கள், அது எப்போது போய்ச் சேரும், எல்லாம் என் செல்போனில் ஒரு ஆப்பில் வந்து விழும். நான் பார்த்துச் சரி என்று ஒரு டிக் போட்டால் போதும்.

பொய் சொல்லக் கூடாது, வியாபாரம் நன்றாகவே நடந்தது. ஒரு அழைப்பும் தவறவில்லை. சொன்ன தேதிக்குப் புடவை போய்ச் சேர்ந்தது. ஐயம்பேட்டைத் தறிக்காரன் தினகரனுக்கு ஆர்டர் அவன் போனிலேயே போய்விடும். முன்னெல்லாம் வாரத்துக்கு ஒருமுறை வந்து காபி குடித்துவிட்டு அரைமணி நேரம் ஊர்க்கதை அளந்துவிட்டுப் போவான். இப்போது கட்டைவிரல் படம் ஒன்று அனுப்புகிறான்.

மாசியில் ஒரு நாள் சாயங்காலம், பால்காரர் நாளைக்கும் அரை லிட்டர்தானா என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லப் போனேன், குரல் வரவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு இரண்டாம் தரம்தான் சொன்னேன். காலையிலிருந்து வாயே திறக்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. குமரனைக் கூப்பிட்டேன். மீட்டிங்கில் இருக்கிறேன், அப்புறம் கூப்பிடுகிறேன் என்றான். நல்ல பிள்ளைதான். அப்புறம் கூப்பிடவில்லை.

போன் கம்பெனியின் மேற்பார்வையாளர் பெயர் சந்தோஷ்குமார். மாதம் ஒருமுறை கூப்பிட்டு எல்லாம் சரியாக இருக்கிறதா என்று விசாரிப்பார். போனில் பேசுகிற பெண்ணோடு நான் ஒருதரம் பேசலாமா என்று அவரைக் கேட்டேன்.

"அது ரூல் இல்ல மேடம். ஓனரும் ஏஜென்ட்டும் நேரா பேசிக்கக் கூடாது, எல்லாம் என் வழியாத்தான்" என்றார். "வேணும்னா ஒன்னு பண்ணுங்க. கஸ்டமர் மாதிரி ஒரு டெஸ்ட் கால் பண்ணிப் பாருங்க. நிறைய ஓனருங்க பண்ணுவாங்க. உங்க நம்பர்லேருந்து பண்ணாதீங்க, பேர் காட்டிக் குடுத்துடும்."

பங்குனி பிறந்த மறுநாள், பட்டன் போனைச் சார்ஜில் போட்டு எடுத்துக் கூப்பிட்டேன்.

"வணக்கம், சங்கரி சில்க்ஸ். அபிநயா பேசறேன். சொல்லுங்கம்மா."

லோகாம்பாள் என்றேன். எங்கிருந்து வந்தது அந்தப் பெயர் என்று இன்றைக்கும் தெரியாது. எந்த ஊர் என்றாள். ஆற்காடு என்றேன். அப்புறம் பரீட்சை வைத்தேன். கரையைத் தனியாக நெய்து உடம்போடு சேர்த்ததா, சரிகை எப்படி, தண்ணீர் பட்டால் சாயம் போகுமா என்று குடைந்தேன். தெரிந்ததைச் சொன்னாள். தெரியாததைத் தெரியவில்லை, கேட்டுச் சொல்கிறேன் என்றாள். நானாக இருந்தால் தெரியாததையும் அடித்து விட்டிருப்பேன்.

நடுவில், "ஒரு நிமிஷம் இருங்கம்மா, மாடு அவுத்துக்கினு ஓடுது" என்றாள்.

சென்னை ஆபீசில் மாடு எங்கே வந்தது என்று கேட்டேன்.

"வீட்லேருந்துதாம்மா பேசறேன்" என்று மூச்சு வாங்கிக்கொண்டு வந்து சொன்னாள். "தென்னேரி. வாலாஜாபாத் பக்கம். சத்தம் வரக்கூடாதுன்னு ரூல். ஆபீஸ்ல சொல்லிடாதீங்கம்மா."

நான் சிரித்தேன். என் சிரிப்பு எனக்கே யாரோ சிரிப்பது போல இருந்தது. தென்னேரி எங்கே இருக்கிறது. இங்கிருந்து பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். சென்னைக் கம்பெனி என்று நினைத்தால், என் கடை போன் பக்கத்து ஊர் மாட்டுக் கொட்டகை ஓரத்தில் அடித்துக்கொண்டிருக்கிறது.

பரீட்சை அத்தோடு முடிந்திருக்க வேண்டும். பெண் நன்றாகப் பேசுகிறாள் என்று சந்தோஷ்குமாரிடமும் சொல்லிவிட்டேன். ஆனால் மறுநாள் ஒன்பதரைக்குக் கை தன்னால் பட்டன் போனுக்குப் போனது. ஒருநாள் பார்த்தால் போதுமா, இரண்டு நாள் பார்த்தால்தானே தெரியும் என்று நினைத்துக்கொண்டேன். மூன்றாம் நாள் அந்த நினைப்பும் தேவைப்படவில்லை.

காலையில் போன் திறந்ததும் வருகிற முதல் அழைப்பு என்னுடையதுதான். "உங்க போணிதாம்மா, அன்னிக்கெல்லாம் நல்லா போவுது" என்பாள். கால் மணி நேரம், இருபது நிமிடம் பேசுவோம். நான் பேசும்போது ஜன்னலைச் சாத்திக்கொள்வேன். எங்கள் தெருவில் தறிச் சத்தம் ஓயாது. ஒருநாள் சாத்த மறந்து, பின்னால் என்ன சத்தம் என்று கேட்டுவிட்டாள். மாவு மில் என்றேன்.

அவளுக்கு இருபத்து மூன்று வயது. பி.காம். அப்பா ஏரிப் பாசனத்தில் நெல் வைக்கிறார். அம்மாவின் தம்பி மகனுக்கு லாரி இருக்கிறது, அவனுக்கே கட்டி வைத்துவிட வேண்டும் என்று வீட்டில் நெருக்குகிறார்கள். இவள் யாருக்கும் தெரியாமல் பேங்க் பரீட்சைக்குப் படிக்கிறாள். என்னிடம்தான் முதலில் சொன்னாள். இதெல்லாம் ரெக்கார்டு ஆகாதா என்று கேட்டேன்.

"ஆவும். கம்ப்ளெயின்ட் வந்தாத்தான் எடுத்துக் கேப்பாங்க. நீங்க கம்ப்ளெயின்ட் பண்ணமாட்டீங்க இல்ல?" என்றாள்.

உங்களுக்கு எத்தனை பிள்ளைகள் என்று அவள் கேட்டபோது, ஒரே பெண், புவனேஸ்வரி என்றேன். புனாவில் ஒரு மகன் என்று சொல்ல மனசு வரவில்லை. லோகாம்பாளுக்காவது பக்கத்தில் ஒரு பெண் இருக்கட்டுமே என்று இருந்தது. புவனேஸ்வரி பள்ளிக்கூடத்தில் டீச்சர். தோசைக்குச் சர்க்கரை தொட்டுக்கொள்வாள். கோபம் வந்தால் துணி மடிப்பாள். ஒரு மாதத்தில் எனக்கே அவளைப் பிடித்துப்போய்விட்டது.

உங்கள் ஓனரம்மா எப்படி என்று ஒருநாள் வாயைக் கிண்டினேன்.

"யாருக்குத் தெரியும்? ஒருநாள்கூட ஒரு வார்த்தை பேசினதில்ல. ஆப்ல டிக் மட்டும் வரும். கல்லு மாதிரி இருப்பாங்க போல."

"பணத்திமிர் புடிச்சவளா இருப்பா."

"கரெக்டா சொன்னீங்கம்மா."

இரண்டு பேரும் சேர்ந்து சங்கரியைக் கிழி கிழி என்று கிழித்தோம். அவளைப் பற்றி எனக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்குத் தெரியும். நான் எடுத்துக் கொடுக்கக் கொடுக்க அபிநயா சிரித்தாள். அன்றைக்கெல்லாம் எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

ஆனி அமாவாசை வந்தது. அமாவாசையன்று எங்கள் தெருவில் ஒரு தறியும் ஓடாது. அது எங்கள் ஜனங்களுக்கு விடுமுறை. ஜன்னலை விரியத் திறந்துவைத்துக்கொண்டு, காலை நீட்டி உட்கார்ந்து பேசினேன். அபிநயாவின் குரல்தான் அன்றைக்குச் சரியில்லை.

"தப்பா நெனச்சுக்காதீங்கம்மா. இத்தினி நாளா பேசறீங்க, ஒரு புடவையும் எடுக்கலியே. சார் லிஸ்ட் எடுத்திருக்கறாரு. வாங்காத நம்பர்னு உங்களுது மொதல்ல நிக்குது. என் டயத்தை வேஸ்ட் பண்றாங்கன்னு எனக்குத்தான் மார்க் கொறையுது. அந்த நம்பரை பிளாக் பண்ணிடலாமான்னு கேட்டாரு."

எனக்கு இரண்டு பயம். ஒன்பதரைக்குப் பேச ஆள் இல்லாமல் போய்விடும் என்பது ஒன்று. இந்தப் பெண்ணுக்கு என்னால் கெட்ட பெயர் என்பது இன்னொன்று.

"வாங்காம எங்க போறேன்" என்றேன். "புவனேஸ்வரிக்குக் கல்யாணம் வெச்சிருக்குது. ஆவணி இருபத்தாறு. அதுக்குத்தான் பாத்துக்கினு இருந்தேன்."

அவளுக்கு என்ன சந்தோஷம் தெரியுமா. நிறம் கேட்டாள். கத்திரிப்பூ உடம்பு, மாம்பழக் கரை என்றேன்.

"ஒன்னு போட்டுக்கட்டுமாம்மா?"

"ஒன்னு எப்டிம்மா வரும்? ஒரு பாவுக்கு மூணு. மூணா போடு."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். தறியில் நீளவாக்கில் ஏற்றுகிற நூல்தான் பாவு. ஒருமுறை ஏற்றினால் மூன்று புடவை வரும். முப்பது வருஷமாக மூன்று மூன்றாகவே எண்ணிப் பழகிய நாக்கு இது. ஆற்காட்டிலிருந்து புடவை வாங்குகிற எவளும் பாவுக் கணக்கில் ஆர்டர் கொடுக்கமாட்டாள். ஒன்று என்பாள், மிஞ்சிப்போனால் இரண்டு என்பாள். ஆனால் அபிநயா தென்னேரி வயல்காட்டுப் பெண், அவளுக்கு அது தோன்றவில்லை.

"மூணு யார் யாருக்கும்மா? பேர் போடணும்."

"புவனேஸ்வரிக்கு ஒன்னு. எனக்கு ஒன்னு."

அவள் தட்டச்சு செய்கிற சத்தம் கேட்டது. அப்புறம் நின்றது. மூன்றாவது பெயருக்குக் காத்திருக்கிறாள். எனக்குத் தெரிந்த பெயரெல்லாம் அந்த நேரத்தில் எங்கேயோ ஓடிப் போயின.

"உனக்குத்தான்" என்றேன். "கட்டிக்கினு கல்யாணத்துக்கு வா."

"எனக்குன்னு யாரும் பட்டு எடுத்ததில்லம்மா" என்றாள். அப்போதாவது நான் வாயைத் திறந்து உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அந்தக் குரலைக் கேட்டபிறகு எனக்கு அதைக் கெடுக்க மனசு வரவில்லை.

கொஞ்ச நேரத்தில் என் ஆப்பில் ஒரு குறிப்பு வந்தது. நம்பகமான வாடிக்கையாளர், முன்பணம் இல்லாமல் தறி ஏற்றலாமா என்று எழுதியிருந்தாள். நான் டிக் போட்டேன். லோகாம்பாளை நம்பலாம் என்று சங்கரி கையெழுத்துப் போட்ட மாதிரி. என் தலையெழுத்தை நினைத்துச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

ஆடிக் கடைசியில் தினகரன் மூன்று புடவையையும் தானே கொண்டுவந்தான். "மூணும் ஒரே ஆர்டர்ல வந்திருக்குதே, யாரு அக்கா அந்த லோகாம்பாள்?" என்றான். தெரிந்தவர்கள் என்றேன். காபி சாப்பிட்டுவிட்டுப் போ என்றேன். அவசரம் என்று போய்விட்டான்.

ஆவணி பிறந்து பத்து நாள் இருக்கும். சந்தோஷ்குமார் கூப்பிட்டார்.

"மேடம், ஒரு சின்ன பர்மிஷன். உங்க லைன்ல இருக்கற அபிநயா, ஒரு கஸ்டமர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போவணும்னு லீவு கேக்கறாங்க. ரூல்படி கஸ்டமரை நேர்ல பாக்கக் கூடாது. ஆனா ரெண்டு வருஷத்துல அந்தப் பொண்ணு கேக்கற மொத லீவு. ஓனர் சரின்னா விட்டுடறோம். ஆப்ல வந்திருக்கும், ஒரு டிக் பண்ணிடுங்க."

யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்தேன். ஆப்பில் அவள் எழுதியிருந்தது அப்படியே இருந்தது. காரணம் என்ற இடத்தில், எனக்கு வேண்டியவர்கள் வீட்டுக் கல்யாணம் என்று போட்டிருந்தாள்.

அப்புறம் நான் செய்ததைச் சொன்னால் எனக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்பீர்கள். பத்திரிகை வரவில்லையே என்று அவள் நாலைந்து நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஒரே ஒரு பத்திரிகை அடித்து அனுப்பிவிடலாமா என்று யோசித்தேன். யோசித்ததோடு நிற்கவில்லை. ரங்கசாமி குளம் பக்கம் அச்சகம் வைத்திருக்கும் தாவீதிடம் போய் நின்றேன். எங்கள் கடைக்கு பில் புத்தகம் அடித்துக் கொடுத்தவர்.

"ஒரே ஒரு பத்திரிகையா? இன்னாக்கா வெளாட்றீங்க?" என்றார். "சரி, மாதிரிக்குன்னு அடிச்சுத் தரேன். யாருக்குக் கல்யாணம், குமரனுக்கா?"

"தெரிஞ்சவங்க பொண்ணு. புவனேஸ்வரி."

எழுதிக்கொண்டார். "மாப்ள பேரு?"

மாப்பிள்ளை பெயர் என்னிடம் இல்லை. ஐந்து மாதத்தில் அந்தப் பெண்ணுக்கு வேலை கொடுத்தேன், கோபம் கொடுத்தேன், தோசைக்குச் சர்க்கரை கொடுத்தேன். மாப்பிள்ளையைப் பற்றி அபிநயாவும் கேட்கவில்லை, நானும் நினைக்கவில்லை. தாவீது பேனாவை வைத்துக்கொண்டு என் முகத்தையே பார்த்தார். கேட்டுக்கொண்டு வருகிறேன் என்று கிளம்பி வந்துவிட்டேன். வழியெல்லாம் எனக்கு வெட்கமாக இருந்தது. கல்யாணத்தை நிறுத்திவிடுவது என்று வீட்டு வாசலில் முடிவு செய்தேன்.

மறுநாள் ஒன்பதரைக்கு நான் வாய் திறப்பதற்குள் அவள் பேசினாள்.

"அம்மா, அப்பா சரின்னுட்டாரும்மா. காஞ்சிபுரம் வந்து ஆற்காடு பஸ் புடிச்சுடறேன். அப்புறம் ஒரு ஐடியா. புடவை மூணும் ரெடியா இருக்குது, அட்ரஸ் குழப்பத்துல கூரியர் போவாம நிக்குது. போற வழிதானே, நானே அந்த சங்கரி மேடம் வீட்டாண்ட போய் வாங்கிக்கினு வந்துடறேன். அந்தம்மா மூஞ்சி எப்டி இருக்குதுன்னும் பாத்துடலாம்."

போனை இன்னொரு காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

"கல்யாணம் நின்னு போச்சும்மா" என்றேன்.

ஏன், எப்படி என்றெல்லாம் கேட்பாள், ஏதாவது சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தேன். அவள் கேட்கவில்லை.

"புவனாக்கா எப்டி இருக்கறாங்க?" என்றாள். "ரெண்டு பேரும் எதாவது சாப்டீங்களாம்மா?"

அந்த ஒரு கேள்வியை என்னை யாரும் கேட்டு எத்தனை நாள் ஆயிற்று. சாப்பிட்டோம் என்றேன். அழுதுவிட்டேன். அது நடிப்பில்லை.

"அழுவாதீங்கம்மா. நான் வரேன். லீவு எப்டியும் வாங்கறேன். கல்யாணம் நின்னா என்ன, உங்களாண்ட ஒருநாள் இருந்துட்டு வரேன். பேச்சுக்கு ஆள் இல்லாம ரெண்டு பேரும் உக்காந்துக்கினு இருப்பீங்க. தெருப் பேரு மட்டும் சொல்லுங்க."

ஏதாவது ஒரு தெருப் பெயரைச் சொல்லியிருக்கலாம். எல்லா ஊரிலும் ஒரு பிள்ளையார் கோயில் தெரு இருக்கும். சொன்னால் அவள் வருவாள். ஆவணி வெயிலில், தெரியாத ஊரில், வீடு வீடாக லோகாம்பாளைக் கேட்டுக்கொண்டு நிற்பாள். எனக்கு வேண்டியவர்கள் என்று எழுதியவளை அப்படி நிற்க வைக்க என்னால் முடியவில்லை.

"அபிநயா, நான் லோகாம்பாள் இல்லம்மா. சங்கரி. நீ பேசறியே அந்தக் கடைக்காரி."

லைன் போய்விட்டதோ என்று காதை அழுத்திக்கொண்டேன்.

"மேடம்?" என்றாள்.

ஐந்து மாதமாக அம்மா என்ற வாய் அது.

"டெஸ்ட் காலா மேடம்? இத்தினி நாளும் டெஸ்ட் காலா?"

"இல்லம்மா. மொத நாள் மட்டும்தான். அதுக்கப்புறம்..."

"நான் உங்களைப் பத்திப் பேசினதெல்லாம் சும்மா வெளாட்டுக்கு மேடம். மனசுல வெச்சுக்காதீங்க. பரீட்சைக்குப் படிக்கறது வேலை நேரத்துல இல்ல மேடம், சத்தியமா. மாடு அன்னிக்கு ஒருநாள்தான் அவுத்துக்கிச்சு. சார் கிட்ட சொல்லிடாதீங்க மேடம். அப்பாகிட்டயும் விஷயம் போவக் கூடாது."

"யார்கிட்டயும் சொல்லமாட்டேன். எனக்குப் பேச ஆள் இல்லம்மா. அதுக்குத்தான் கூப்பிட்டேன். வேற ஒன்னும் இல்ல."

"சரிங்க மேடம்."

இரண்டு மூன்று தரம் அதையே திருப்பித் திருப்பிச் சொன்னேன். ஒவ்வொரு தரமும் சரிங்க மேடம் என்றாள். சாயம் போகுமா என்று கேட்கிறவர்களிடம் பேசுகிற அதே பதமான குரல். அதில் எங்கேயும் என் கை நுழைய இடம் இல்லை.

"அப்ப புவனாக்கா?" என்று கடைசியில் கேட்டாள்.

"அப்டி யாரும் இல்லம்மா."

இதற்கு மட்டும் அவள் சரி என்று சொல்லவில்லை. மூக்கை உறிஞ்சுகிற சத்தம் மட்டும் வந்தது. இல்லாத பெண்ணின் கல்யாணத்துக்காக அவள் சாமி கும்பிட்டுக்கூட இருப்பாள், எனக்குத் தெரியும்.

"லீவைக் கேன்சல் பண்ணிடறேன் மேடம்" என்றாள்.

"அந்தப் புடவை உனக்குத்தாம்மா. அது மட்டும் பொய்யில்ல."

"நாங்க எதுவும் வாங்கக் கூடாது மேடம்." கொஞ்சம் நிறுத்திக் கேட்டாள். "வேற எதாவது உதவி வேணுங்களா மேடம்?"

ஒன்றும் வேண்டாம் என்றேன்.

அதற்கப்புறமும் அவள் லைனிலேயே இருந்தாள். நானும் வைக்கவில்லை. மன்னித்துவிட்டாளோ, ஏதாவது சொல்லப்போகிறாளோ என்று காத்திருந்தேன். அம்மா என்று ஒருதரம் சொல்லிவிட்டாள் என்றால் போதும்.

"நீங்க வெச்சிடுங்க மேடம்" என்றாள். "நாங்க மொதல்ல வைக்கக் கூடாது. ரூல்."

இத்தனை நாளும் நான்தான் முதலில் வைத்திருக்கிறேன். நான் வைக்கும்வரை அவள் ஒருநாளும் வைத்ததில்லை. என்னோடு பேசுவதை நிறுத்த அவளுக்கு மனசில்லை என்று நினைத்திருந்தேன். அதை நினைத்துக்கொண்டுதான் தினமும் அடுப்படிக்குப் போய் எனக்கு மட்டும் ஒரு பிடி அரிசி களைந்து வைப்பேன்.

அடுத்த அழைப்பு காத்திருக்கிறது என்று அவள் பக்கம் டிக் டிக் என்று ஒரு சத்தம் வந்துகொண்டிருந்தது. அவள் மூச்சு மட்டும் காதில் விழுந்தது. வைத்துவிட்டால் அவளுக்கு நிம்மதி என்று எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும், வெட்கங்கெட்டுப்போய், இன்னும் கொஞ்ச நேரம் போனைக் காதிலேயே பிடித்துக்கொண்டிருந்தேன். அப்புறம் நானே வைத்தேன்.